சர்ச்சுக்குள்ள புத்தகக் கடை: கதவு யாருக்குத் திறக்குது?

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு ரீல்ல இருந்து ஆரம்பிக்கலாம். உங்க ஃபீடுலயும் ஒரு தடவையாவது வந்திருக்கும். பெரிய கோதிக் சர்ச். உயரமான கல் தூண்கள், மேல கூரான வளைவுகள். கேமரா மெதுவா கீழே இறங்குது. பெஞ்சு இருக்க வேண்டிய இடத்துல புத்தக அலமாரி. பீடம் இருக்க வேண்டிய இடத்துல காபி ஷாப். "உலகத்திலேயே அழகான புத்தகக் கடை"ன்னு கேப்ஷன்.

அது நெதர்லாந்துல மாஸ்ட்ரிக்ட் ஊர்ல இருக்கிற டொமினிக்கானென் புத்தகக் கடை. அந்த நாட்டுல படிச்சுக்கிட்டிருக்கிற என் ஃப்ரெண்டுக்கு ரீலை அனுப்பி, "டேய், இங்க போயிருக்கியா?"ன்னு கேட்டேன். போயிருக்கான். ஆனா பதிலுக்கு அவன் சொன்ன வேற ஒரு கதைதான் இந்த எபிசோடுக்குக் காரணம்.

அவன் தங்கியிருக்கிற வீட்டு ஓனர் எழுபது வயசு தாண்டின ஒரு பாட்டி. அவங்க தெருமுனையிலயும் ஒரு பழைய சர்ச் இருக்கு. அவங்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது அங்க. கல்யாணம் நடந்தது அங்க. வீட்டுக்காரரோட அடக்க ஆராதனையும் அங்கதான். இப்ப அது ஃப்ளாட் ஆயிடுச்சு. வெளியில இருந்து பார்த்தா எதுவுமே மாறல. கோபுரம் இருக்கு, நீளமான ஜன்னல்கள் இருக்கு. கதவுப் பக்கத்துல மட்டும் வரிசையா காலிங் பெல். பாட்டி அவன்கிட்ட சொன்னாங்களாம்: "இடிக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம். ஆனா நான் கல்யாணத்துக்கு நின்ன இடம் இப்ப யார் வீட்டு சமையலறைன்னு தெரியல. பெல் அடிச்சுக் கேக்கவா முடியும்?"

பாருங்க, ஒரே நாடு, ஒரே பிரச்சினை, ரெண்டு பதில். ரெண்டு கட்டடமும் "காப்பாற்றப்பட்டது"ங்கிற கணக்குலதான் வரும். ஆனா ஒண்ணுக்குள்ள நீங்களும் நானும் நாளைக்கே போகலாம். இன்னொண்ணுக்குள்ள, வாழ்க்கையையே அங்க கழிச்ச ஒரு பாட்டியால போக முடியாது. அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ஏன் இவ்வளவு சர்ச் காலியா இருக்கு?

மக்களுக்குப் பக்தி குறைஞ்சுபோச்சு, அதனால சர்ச் காலி. இதுதான் எல்லாரும் சொல்ற பதில். உண்மைதான், ஆனா பாதி உண்மை. நெதர்லாந்தையே எடுத்துக்குவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த நாட்டு மக்கள் தனித்தனித் தூண்கள் மாதிரி பிரிந்து வாழ்ந்தார்கள். கத்தோலிக்கர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிப் பத்திரிகை, தனி ஒலிபரப்பு, தனிக் கட்சி. சீர்திருத்தச் சபைக்காரர்களுக்கும் அதே மாதிரி எல்லாம் தனி. அந்தச் சபைகளுக்குள்ளயும் பிளவுகள். ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று சர்ச் கட்டியது. அதனால சின்ன ஊர்லகூட ரெண்டு, மூணு சர்ச் எழுந்தது.

1960களுக்குப் பிறகு அந்தத் தூண்கள் சரிந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குறைந்தது. ஆனா கட்டடம் தானா குறையாதே! கூரை ஒழுகும், குளிர்காலத்துல அந்த உயரத்துக்கு ஹீட்டிங் போட்டா பில் எகிறும், கல் உதிரும். முன்னூறு பேர் காணிக்கை போட்டு ஓட்டின கட்டடத்தை முப்பது பேரால ஓட்ட முடியாது. 2019ல ட்ரவ் என்கிற டச்சு நாளிதழ் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சுமார் 6,900 சர்ச் கட்டடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஏற்கெனவே வழிபாட்டில் இல்லை என்று தெரிய வந்தது.

சும்மா விட்டா என்ன ஆகும்? பிரான்ஸில் அபவில் என்ற ஊரில் செயின்ட் ஜாக் சர்ச் இருந்தது. 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பராமரிக்கச் செலவு பண்ண முடியாமல் 2013ல் இடித்தே விட்டார்கள். அதனால "சர்ச்சைப் போய் கடையாக்கலாமா?"ன்னு கேக்கும்போது, எதிர்ப்பக்கத்துல எப்பவும் நிரம்பி வழியுற ஒரு சர்ச் நிக்கிறதில்லை. பல நேரம் அங்க நிக்கிறது புல்டோசர்.

எழுநூறு வருஷக் கட்டடத்துல ஒரு அலமாரி

இப்ப மாஸ்ட்ரிக்ட் போவோம். அந்தக் கட்டடம் டொமினிக்கன் துறவிகளுடையது. 1294ல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே 1337ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சுவரோவியம் இருக்கிறது, புனித தாமஸ் அக்வினாஸின் வாழ்க்கையைப் பற்றியது. 1794ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தது. சீக்கிரமே துறவிகள் வெளியேற வேண்டியதாயிற்று. சர்ச்சுக்குள் படையினரின் குதிரைகள் நின்றன. அதுக்கப்புறம் அது கிடங்கா இருந்திருக்கு, விழா நடத்துற ஹாலா இருந்திருக்கு, கடைசியா சைக்கிள் ஸ்டாண்டா இருந்திருக்கு. பதினாலாம் நூற்றாண்டு ஓவியத்துக்குக் கீழே நம்ம ரயில்வே ஸ்டேஷன் வாசல் மாதிரி சைக்கிள் வரிசையை நினைச்சுப் பாருங்க.

2006 இறுதியில் புத்தகக் கடை வந்தது. வடிவமைத்தவர்கள் மெர்க்ஸ்-ஹிரோட் என்ற கட்டடக்கலை நிறுவனத்தார். அவங்களுக்கு ஒரு கணக்குச் சிக்கல் இருந்துச்சு. தரைப் பரப்பு சுமார் 750 சதுர மீட்டர். கடைக்குத் தேவை 1,200. நம்ம ஊர் பில்டர்கிட்ட கொடுத்தா என்ன செய்வார்? குறுக்கே ஒரு ஸ்லாப் போட்டு மாடி கட்டிடுவார். கணக்கு முடிஞ்சது. ஆனா அந்த ஸ்லாபோட சர்ச்சும் முடிஞ்சது. அண்ணாந்து பார்க்க எதுவும் மிஞ்சாது.

அவங்க அதைச் செய்யல. ஒரு பக்கத்துல மட்டும், தூண்களை ஒட்டி, கறுப்பு எஃகில் பல அடுக்கு உயரத்துக்கு ஒரு பிரம்மாண்டமான அலமாரி செய்தார்கள். அதுக்குள்ளயே படிக்கட்டு இருக்கு, நடைபாதை இருக்கு. ஏறிப் போய்ப் புத்தகம் எடுக்கலாம். இன்னொரு பக்கத்தைத் தாழ்வாகவே விட்டார்கள். அதனால நடுவுல நின்னா சர்ச்சோட முழு நீளமும் முழு உயரமும் அப்படியே தெரியும். மேல் அடுக்குல ஏறினா, சாதாரணமா கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டிய கூரை ஓவியங்கள் பக்கத்துல வந்துடும். எழுநூறு வருஷத்துல பக்தர்களுக்கே கிடைக்காத காட்சி!

இன்னொரு விஷயம், சுவாரஸ்யமே இல்லாத விஷயம், ஆனா முக்கியம்: டாய்லெட். பழைய சர்ச்சுகளில் அதற்கு ஏற்பாடே கிடையாது. தோண்டினால் கீழே கல்லறைகள் இருக்கும். இங்கே கழிப்பறை, கிடங்கு, மற்ற வசதிகளையெல்லாம் தரைக்குக் கீழே ஓர் அறை அமைத்து இறக்கிவிட்டார்கள். மேலே இருக்கும் இடத்தில் கை வைக்கவில்லை. ரீல்ல எஃகு அலமாரிதான் தெரியும். ஆனா அந்த இடத்தை ஒரே ஹாலா காப்பாத்தினதுல பாதிப் பங்கு இந்த டாய்லெட்டுக்கு!

2008ல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் உலகின் சிறந்த புத்தகக் கடைகளைப் பட்டியல் போட்டது. முதல் இடம் இந்தக் கடைக்கு. இரண்டாம் இடம் ப்யூனஸ் ஐரிஸ் நகரில் இருக்கும் எல் அத்தேனியோவுக்கு. அது ஒரு பழைய தியேட்டர்! ரெண்டுமே வேற வேலைக்குக் கட்டின கட்டடம்.

ஆனா கதை அங்க சுபம் போட்டு முடியல. 2012ல் அந்தக் கடையை நடத்திய சங்கிலி நிறுவனம் திவாலானது. அடுத்து எடுத்த நிறுவனமும் 2014ல் திவால். உலகத்துலேயே அழகான கடைங்கிற பேரை வச்சு வாடகை கட்ட முடியாதே. அப்ப கடை ஊழியர்களும் வாசகர்களும் சேர்ந்து க்ரவுட்ஃபண்டிங் நடத்தினார்கள். கடை யாருடைய சங்கிலியிலும் இல்லாத தனிக் கடையாக மறுபடி எழுந்தது. இன்னைக்கும் இருக்கு.

இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க. சர்ச்சா இருந்தப்ப காணிக்கை போட்டு காப்பாத்தினாங்க. கடையான பிறகும் ஊர்க்காரங்க கையை விட்டுப் போட்ட காசுதான் காப்பாத்துச்சு. எந்த நாளும் யார் வேணும்னாலும் உள்ள வந்து, ஒண்ணும் வாங்காமக்கூட சுத்திப் பார்த்துட்டுப் போகலாம்னு இருந்த இடம் அது. அதனாலதான் "இது எங்களோடது"ன்னு ஊருக்குத் தோணுச்சு.

இதுக்கு மேல ஒரு நியாயமான விஷயமும் சொல்லணும். அங்கே வழிபாடு நின்னு ரெண்டு நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. அங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க யாரும் இப்ப உயிரோட இல்லை. அதனால அந்தப் புத்தகக் கடையைப் பார்த்து யாருக்கும் தொண்டை அடைக்காது. நம்ம பாட்டியோட சர்ச் அப்படி இல்லை. அந்தக் காயம் புதுசு.

"இழிவான பயன்பாடு கூடாது"

சரி, சபை என்ன சொல்லுது? அது எந்தச் சபைன்னு பொறுத்தது. டச்சு சீர்திருத்தச் சபை மரபில் கட்டடம் தன்னளவில் புனிதம் இல்லை. விசுவாசிகள் கூடும் இடம், அவ்வளவுதான். கத்தோலிக்கத்தில் அப்படி இல்லை. கட்டடமே முறைப்படி அர்ப்பணிக்கப்படுகிறது. அதை விலக்கவும் ஆயரின் ஆணை வேண்டும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1222ஆவது விதி இதைப் பற்றியது. வழிபாட்டுக்கு இனி எந்த வகையிலும் பயன்படாத, பழுது பார்க்கவும் வழியில்லாத ஆலயத்தை ஆயர் உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம். ஆனால் அது இழிவான பயன்பாடாக இருக்கக் கூடாது. வேறு பெரிய காரணங்கள் இருந்தால் குருக்கள் மன்றத்தைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆலயம் உலகியல் பயன்பாட்டுக்குப் போனாலும் அதன் பீடம் அர்ப்பணிப்பை இழப்பதில்லை. அதனால பீடத்தை என்ன செய்யறதுங்கிறது எப்பவும் தனிக் கேள்வி.

எது இழிவு? விதியில பட்டியல் கிடையாது. இங்கதான் சண்டையே ஆரம்பிக்குது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் செயின்ட் ஜான் தி பாப்டிஸ்ட் சர்ச். 1902ல் கட்டப்பட்டு 1993ல் மூடப்பட்டது. 1996ல் அங்கே ஒரு பியர் தயாரிக்கும் உணவகம் வந்தது. பேரு சர்ச் ப்ரூ வொர்க்ஸ். பழைய பெஞ்சுகளை நறுக்கி, சாப்பாட்டு மேஜைக்கு இருக்கையாக்கினார்கள். பியர் காய்ச்சும் தொட்டிகளை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பீடம் இருந்த இடத்தில். கட்டடத்தைப் புதுப்பித்த விதத்தைப் பாராட்டினவங்க நிறைய பேர். ஆனா அங்கே நன்மை வாங்கி வளர்ந்தவங்க அந்தத் தொட்டியைப் பார்க்கும்போது என்ன தோணும்? அதற்குப் பிறகு மறைமாவட்டம் சர்ச்சுகளை விற்கும்போது, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை போட ஆரம்பித்தது.

இதைவிடத் தலைசுத்துற கதை நியூயார்க்கில். சர்ச் ஆஃப் தி ஹோலி கம்யூனியன், 1840களில் ரிச்சர்ட் அப்ஜான் கட்டியது. எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. 1970களில் வழிபாடு நின்றது. கட்டடம் போதை மறுவாழ்வு மையத்துக்குப் போனது. நல்ல விஷயம்தானே? அவர்களாலும் வைத்திருக்க முடியவில்லை. 1983ல் அதே கட்டடத்தில் லைம்லைட் என்ற நைட் கிளப் திறந்தது. 1990களில் போதைப் பொருள் விவகாரத்தில் போலீஸ் அதை மூடியது. போதையிலிருந்து மீட்ட இடமே போதைக்குப் பேர் போன இடமாச்சு! பிறகு சின்னச் சின்னக் கடைகள், உணவகம், ஜிம்னு மாறிக்கிட்டே இருந்துச்சு.

இதுல யாரைத் திட்டுறது? சபை ஒரு தடவை விற்றுவிட்டால், அடுத்தது யாருக்குப் போகும் என்பது அதன் கையில் இல்லை. முதல் வாங்குபவர் நல்லவரா என்று பார்த்து விற்கலாம். மூன்றாவது வாங்குபவரை யார் பார்ப்பது? 2018ல் ரோமில் இதற்காகவே ஒரு மாநாடு நடந்தது. அதற்கு வைத்த தலைப்பே ஒரு கேள்விதான்: கடவுள் இனி இங்கே குடியிருப்பதில்லையா? இந்தக் கேள்வியை வெளியாள் கேக்கல, வத்திக்கானோட பண்பாட்டு மன்றமே கேட்டுச்சுங்கிறதை கவனிங்க.

உயரம் வேணும்ங்கிறவங்க

சில பயன்பாடுகள் இருக்கு. கேக்கும்போது கோமாளித்தனமா தோணும், யோசிச்சா ரொம்பப் பொருத்தம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் சர்ச், 1790களில் கட்டி முடித்தது. 1988ல் மூடப்பட்டது. 2005ல் இருந்து அங்கே சர்க்கோமீடியா என்ற சர்க்கஸ் பள்ளி நடக்கிறது. ஆமா, சர்க்கஸ்! பார் ஆட்டத்துக்கு என்ன வேணும்? உயரம் வேணும், நடுவுல தூண் இல்லாத அகலம் வேணும். புதுசா அப்படி ஒரு ஹால் கட்ட எவ்வளவு ஆகும்? சர்ச்சுல அது ஏற்கெனவே இருக்கு. மான்செஸ்டரில் செயின்ட் பெனடிக்ட்ஸ் சர்ச் மலையேற்றப் பயிற்சி மையம் ஆனதும் இதே காரணத்தால்தான்.

ஸ்பெயினில் அஸ்தூரியாஸ் பகுதியில் யானேரா என்ற இடத்தில் 1912ல் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்காகக் கட்டிய சாந்தா பார்பரா சர்ச் இருக்கிறது. பல வருடம் பாழடைந்து கிடந்தது. சில இளைஞர்கள் அதை எடுத்து உள்ளே ஸ்கேட் பண்ண மரத்தில் சரிவுகள் அமைத்தார்கள். 2015ல் ஒகுதா சான் மிகேல் என்ற கலைஞர் கூரை வரைக்கும் வானவில் நிறத்தில் ஓவியம் தீட்டினார். அதுக்கும் க்ரவுட்ஃபண்டிங்தான் உதவுச்சு. மழை நாள்ல ஊர்ப் பசங்க அங்கதான்.

ஆம்ஸ்டர்டாமின் பாரடிசோவை இசைப் பிரியர்கள் கேள்விப்பட்டிருப்பீங்க. 19ஆம் நூற்றாண்டில் ஒரு சுதந்திரச் சபைக்காகக் கட்டிய கட்டடம். 1968ல் இளைஞர் மையமாகத் திறந்தது. இன்றைக்கு உலகம் அறிந்த கச்சேரி மேடை. மேடைக்குப் பின்னாடி இன்னமும் சர்ச் ஜன்னல்கள். ஆனா ராக் கச்சேரிக்கு சர்ச் சுலபமான இடம் இல்லைங்க. கல் சுவரும் உயரமும் சேர்ந்தா சத்தம் ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். பாடகர் குழு மெதுவாப் பாடுற பாட்டுக்கு அது அமுதம். ட்ரம்ஸுக்குக் கூழ். திரை, மெத்தை, பலகைன்னு போட்டு அடக்கணும். அந்த விதத்துல புத்தகக் கடைக்கு அதிர்ஷ்டம், புத்தகங்களே சத்தத்தைக் குடிச்சுடும்.

சாமி மாறினாலும் வாசல் மாறாது

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கோயில் அல்லாத பயன்பாடு. இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டடத்துக்கு வருவோம். லண்டனில் ப்ரிக் லேன். அங்கே ஃபூர்னியர் தெரு முனையில் ஒரு செங்கல் கட்டடம்.

1743: பிரான்ஸில் மதத்துக்காகத் துரத்தப்பட்டு வந்த ஹியூகனாட் கிறிஸ்தவர்கள் அதைத் தங்கள் சர்ச்சாகக் கட்டினார்கள். 1809: யூதர்களைக் கிறிஸ்தவர்களாக மாற்ற விரும்பிய ஒரு சங்கத்தின் கைக்குப் போனது. 1819: மெதடிஸ்ட் சேப்பல். 1898: கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த யூதர்களின் ஜெப ஆலயம். கவனிச்சீங்களா? யூதர்களை மாத்தணும்னு ஒரு காலத்துல இயங்கின இடம், கடைசியில யூதர்களோட கோயிலாவே ஆயிடுச்சு. 1976: வங்கதேசத்தில் இருந்து வந்தவர்களின் பள்ளிவாசல். இன்றைக்கும் அதுதான்.

ஒவ்வொரு தடவையும் வந்தவங்க அகதிகள், இல்ல பிழைக்க வந்தவங்க. கொஞ்சம் வசதி வந்ததும் வேற பகுதிக்குக் குடிபோனாங்க. அடுத்து வந்தவங்ககிட்ட சாவி போச்சு. சுவரில் 1743 என்று பொறித்த சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது. அதில் மனிதர்கள் நிழல்கள்தான் என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம். யாரும் அதை அழிக்கல.

நம்ம ஆளுங்களுக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு. லண்டன் மேற்கு ஈலிங்கில் ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் கோயில். ஈழத்தில் இருந்து வந்த தமிழர்கள் அதிகமாகப் போகும் கோயில். அது இருக்கிற தெருவோட பேரைச் சொல்லவா? சேப்பல் ரோடு. பழைய சேப்பல் கட்டடத்துலதான் அம்மன் குடியேறினா. ஆகஸ்ட் மாதம் தேர்த் திருவிழாவில் காவடியோட கூட்டம் அந்த வீதிகளை நிறைக்கும்.

சர்ச் உட்கார்ந்து முன்னாடி பார்க்கிற கட்டடம். நம்ம கோயில் சுத்தி வர்ற கட்டடம். சேப்பலைக் கோயிலாக்கணும்னா வெறும் சிலையை வச்சா போதாது, ஜனங்க நடக்கிற விதமே மாறணும். ஆனா ஒண்ணு மட்டும் மாறல. யார் வேணும்னாலும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரலாம்.

பில் யாரு கட்டுறது?

சரி, கதவு திறந்திருந்தா நல்லதுன்னு சொல்றது சுலபம். ஆனா கணக்குப் பார்த்தா, எது அதிகப் பணம் தருதோ அதுதான் பெரும்பாலும் கதவை மூடுது. ஃப்ளாட் ஆக்கினா பில்டருக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். கூரையைப் பழுது பார்க்கவும் அதுலயே பணம் கிடைக்கும். சர்க்கஸ் பள்ளியும் நூலகமும் அப்படி இல்ல. வருஷா வருஷம் யாராவது தாங்கணும்.

இங்கிலாந்து இதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 1969ல் ஆரம்பித்த ஒரு நிதியம், இன்றைக்கு சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட். அரசும் இங்கிலாந்து சபையும் பங்கு போட்டு உதவ, வழிபாடு நின்ற 350க்கும் மேற்பட்ட சர்ச்சுகளைப் பார்த்துக்கொள்கிறது. பிரிஸ்டல் சர்க்கஸ் நடக்கிற கட்டடமும் அவர்களுடையதுதான். விற்காம, தன் கையிலேயே வச்சுக்கிட்டு இடத்தைக் கொடுத்திருக்காங்க. லைம்லைட் கதை அங்க நடக்காததுக்கு இது ஒரு காரணம். 1957ல் இருந்து இன்னொரு அமைப்பும் இருக்கிறது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால், நண்பர்கள் இல்லாத சர்ச்சுகளின் நண்பர்கள். பேரைக் கேட்டதுமே நன்கொடை கொடுக்கலாம்னு தோணுதில்ல?

இவ்வளவையும் படிச்ச பிறகு எனக்குன்னு மூணு கேள்வி வச்சிருக்கேன். எந்தப் பழைய கட்டடம் புதுசா மாறினாலும் கேட்டுப் பார்க்கிறது.

முதல் கேள்வி: கதவு யாருக்குத் திறக்குது? பக்கத்துத் தெருப் பாட்டி, காசு கொடுக்காம, காரணம் சொல்லாம உள்ள வர முடியுமா?

ரெண்டாவது: உள்ள போனா அந்த உயரம் தெரியுதா? இல்ல, குறுக்கே தளம் போட்டு நறுக்கிட்டாங்களா?

மூணாவது: வச்சதைக் கழட்ட முடியுமா? ஏன்னா புதுப் பயன்பாடும் ஒரு நாள் முடியும். மாஸ்ட்ரிக்ட் கடையே ரெண்டு தடவை முடிஞ்சு பிழைச்சுது. எஃகு அலமாரியைக் கழட்டி எடுத்துட்டா சர்ச் அப்படியே நிக்கும். அடுத்து வர்றவங்களுக்கும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

மூணுக்கும் ஆமான்னு பதில் வர்ற கட்டடம் குறைவு. ஸ்பெயின் ஸ்கேட் சர்ச் முதல் ரெண்டுல பாஸ், மூணாவதுல கஷ்டம். அந்த வண்ணம் இனி அவ்வளவு லேசுல போகாது. பிட்ஸ்பர்க் பியர் கடை? உயரம் இருக்கு, கதவும் திறந்திருக்கு, ஆனா கையில பர்ஸ் இருக்கணும். ஃப்ளாட்? கட்டடம் பிழைச்சுது, ஊருக்கு இல்லாம போச்சு. அதுக்காக ஃப்ளாட்டே தப்புன்னு சொல்ல மாட்டேன். இடிக்கிறதா, ஃப்ளாட்டான்னு ரெண்டே வழி இருந்தா, பாட்டி சொன்ன மாதிரி, இடிக்காம விட்டாங்களேன்னு நானும் சந்தோஷப்படுவேன். ஆனா வாசல் மண்டபத்தையாவது பொதுவா விடச் சொல்லி யாரோ ஒருத்தர் அந்தப் பேச்சுவார்த்தையில கேட்டிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு நாள் திறந்து காட்டணும்னு பத்திரத்துல ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

எபிசோட் ரெகார்ட் பண்றதுக்கு முன்னாடி ஃப்ரெண்டுக்கு போன் பண்ணேன். அந்த ஃப்ளாட்டுல குடியிருக்கிற ஒரு இளம் தம்பதி போன டிசம்பர்ல தெருக்காரங்களை எல்லாம் காபிக்குக் கூப்பிட்டாங்களாம். பாட்டியும் போயிருக்காங்க. வண்ணக் கண்ணாடி ஜன்னலோட மேல் பாதி அவங்க வீட்டு ஹால்ல இருக்காம், தரையில இருந்து ஆரம்பிக்குதாம். பாட்டி கிட்டப் போய் அதைத் தொட்டுப் பார்த்தாங்களாம். "சின்ன வயசுல கீழ பெஞ்சுல உட்கார்ந்து இந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன், இவ்வளவு கிட்ட வருவேன்னு நினைச்சதே இல்ல"ன்னு சொன்னாங்களாம். தான் கல்யாணத்துக்கு நின்ன இடம் எதுன்னு மட்டும் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. நடுவுல சுவர் வந்துடுச்சு.

அடுத்த தடவை அந்தப் புத்தகக் கடை ரீல் வந்தா, லைக் போடுங்க, தப்பில்லை. கூடவே உங்க ஊர்ல மூடிக் கிடக்கிற ஒரு பழைய கட்டடத்தையும் நினைச்சுப் பாருங்க, அது தியேட்டரா இருக்கட்டும், மில்லா இருக்கட்டும். நாளைக்கு அது என்னவா மாறினாலும், அதோட கதவு யாருக்குத் திறக்கப் போகுது? உங்களுக்குத் தெரிஞ்ச கதை இருந்தா எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.